‘ஸ்கட்’ என்ற சொல்லுக்கு மாமா போட்ட கையெழுத்து

பிப்ரவரி 6

என் அருமை மருமகளுக்கு மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. லாட்ஜில் நான்காம் எண் அறைக்காரர் வெந்நீர் வரவில்லை என்று என் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். ‘இருங்க சார், அகராதி ஆபீஸ்ல எங்கிட்ட ஆலோசனை கேட்டு எழுதியிருக்காங்க’ என்றேன். மனிதர் அப்படியே அடங்கிவிட்டார். இடுப்பில் துண்டோடு நின்றபடியே உன் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வெந்நீரை மறந்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனார் என்றால் பார்த்துக்கொள்.

சின்ன வயதில் நீ எதிர்த்துப் பேசும்போதெல்லாம் உன் அம்மா ‘அகராதி பிடிச்சவ’ என்று திட்டுவாள். இப்போது அதையே உத்தியோகமாக்கிக்கொண்டுவிட்டாய். மூன்று வருடமாகத் தற்காலிகம், ‘எஸ்’ எழுத்து அச்சேறினால் நிரந்தரம் என்று எழுதியிருக்கிறாய். நிரந்தரம்தான், சந்தேகமே வேண்டாம். பதினொரு வருடம் கப்பலில் இருந்த தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது, கடல் சம்பந்தப்பட்ட சொல்லுக்கு நீ வேறு எங்கே போய் முட்டிக்கொள்ள வேண்டும்?

‘ஸ்கட்’ என்றால் வழுக்கிக்கொண்டு விரைவது, காற்று விரட்ட மேகம் ஓடுவது, புயலில் பாய்களைச் சுருட்டிவிட்டுக் கப்பல் காற்றின் போக்கிலேயே பறப்பது என்று உங்கள் புத்தகங்களில் இருப்பதாக எழுதியிருக்கிறாய். எங்கிருந்து வந்த சொல் என்று உறுதியாக யாருக்கும் தெரியாதாம். முயலின் குட்டை வாலுக்கு இங்கிலீஷில் உள்ள ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு பண்டிதர் இழுக்கிறாராம். முயலாவது வாலாவது! அந்த மனிதர் கடலைப் படத்தில்தான் பார்த்திருப்பார்.

நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். ஸ்கட் என்று ஒரு கேப்டன். ஆறரை அடி உயரம். மீசையில் இந்தப் பக்கம் ஒரு புறா, அந்தப் பக்கம் ஒரு புறா உட்காரலாம். நடுக்கடலில் மாலுமிகளுக்கு உடுத்தத் துணி இல்லாமல் போய்விட்டது. தங்கமான மனிதர், கப்பலின் பாய்களையெல்லாம் வெட்டி ஆளுக்கு இரண்டு காற்சட்டை தைத்துக் கொடுத்துவிட்டார். மறுநாளே புயல். பாய்மரம் மொட்டையாக நிற்கிறது. எல்லோரும் புதுக் காற்சட்டையோடு சாகத் தயாராக உட்கார்ந்திருக்க, கப்பல் என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடி, இரண்டு நாள் முன்னதாகத் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டது! அன்று பிடித்ததுதான் அந்தப் பெயர். இதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? கேப்டனின் கொள்ளுப்பேரன். என் கேபினில் மேல் கட்டிலில் படுத்தவன்.

நம் ஆட்கள் இதற்குத் தமிழில் ‘அம்மண ஓட்டம்’ என்பார்கள். பாய் இல்லாமல் ஓடுகிறதல்லவா, அதனால். நானே எத்தனையோ முறை மேல்தளத்தில் நின்று ‘அம்மண ஓட்டம் விடுங்கடா!’ என்று கத்தியிருக்கிறேன். நீ அனுப்பிய சாட்சிச் சீட்டில் ‘இச்சொல்லை என் வேலையிடத்தில் நானே பேசியிருக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 13

அன்புள்ள மாமாவுக்கு,

சீட்டு கிடைத்தது. உங்கள் கையெழுத்து பெட்டிக்கு வெளியே வந்து அடுத்த பத்தி வரை போயிருக்கிறது. பரவாயில்லை என்றார்கள்.

கேப்டன் ஸ்கட்டை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். சொல்லின் பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை என்றே போட்டிருக்கிறேன். ஆனால் ‘அம்மண ஓட்டம்’ பக்கத்தில் ஏறிவிட்டது. எங்கள் அகராதியின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு தொழிலில் வழங்கும் சொல் என்றால் அந்தத் தொழிலில் இருந்த ஒருவர் கையெழுத்திட்ட சாட்சிச் சீட்டு வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதியது செல்லாது. காதால் கேட்டு, வாயால் சொன்னவராக இருக்க வேண்டும். கடல் சொற்களுக்குச் சாட்சி கிடைக்காமல் இங்கே என்னோடு சொல் சேகரிக்கும் மற்ற மூன்று பேரும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு வீட்டிலேயே ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்!

இரண்டு கட்டங்களை நிரப்பாமல் விட்டிருக்கிறீர்கள். கப்பலின் பெயர், வேலை செய்த வருடங்கள். ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள் போதும். அம்மாவைப் பார்த்தால் நான் ஞாயிற்றுக்கிழமை எழுதுவேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 20

என் அருமை மருமகளுக்கு,

கேப்டனை நீ கடலில் தள்ளிவிட்டதில் எனக்கு வருத்தம்தான். படித்த பிள்ளைகளுக்கு மீசை வைத்தவர்களைக் கண்டால் நம்பிக்கை வருவதில்லை. போகட்டும்.

கப்பலின் பெயர் ‘கடல் ராணி’. அவள் நீளத்துக்கு நம் தெருவை இரண்டாக மடித்து வைக்கலாம். வருடக் கணக்கெல்லாம் எதற்கு? பதினொரு வருடம் என்று போடு. கடலில் இருப்பவனுக்கு ஏது காலண்டர்! யாராவது வாயைத் திறந்தால் என் விரல் நகங்களைப் பற்றிச் சொல். நீயே பார்த்திருக்கிறாய். மஞ்சளேறி, தடித்து, வெடித்து இருக்கும். கடல் உப்பு தின்ற நகம். இதைவிட என்ன முத்திரை வேண்டும்?

உன் அம்மாவிடம் சொன்னேன். ‘நம்ம கப்பல் மாமா பேரு புஸ்தகத்துல வரப்போகுதா!’ என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அச்சாகி வந்ததும் முதல் பிரதியை வாசல் அறையில் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போகிறாளாம். நானும் மறுக்கவில்லை.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 5

மாமா,

இதை அலுவலகக் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் மேசையில் உட்கார முடியவில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள்.

நேற்றுப் பதினொரு மணிக்கு எங்கள் அகராதியின் ஆசிரியர் அம்மா கூப்பிட்டார்கள். அவர்கள் சத்தம் போடுகிறவர் அல்ல. கையிலிருக்கும் பென்சிலைக் கீழே வைத்தால் கோபம் என்று அர்த்தம். பென்சில் கீழே இருந்தது. எதிரே ஒரு பெரியவர். முப்பத்திரண்டு வருடம் கப்பலில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். கடல் சொற்கள் வரும் பக்கங்களை அச்சுக்கு முன் அவரிடம்தான் கொடுத்துச் சரிபார்க்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

‘இந்த அம்மண ஓட்டத்தை யாரும்மா குடுத்தது?’ என்று கேட்டார்.

‘எங்க மாமாங்க. பதினொரு வருஷம் கப்பல்ல இருந்தவர்.’

‘எந்தக் கப்பல்?’

‘கடல் ராணி.’

‘சரக்கா, எண்ணெயா?’

எனக்குத் தெரியவில்லை.

‘எஞ்சின் கப்பல்தானேம்மா? அதுல பாய் ஏது, சுருட்டறதுக்கு?’ என்றார். பிறகு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, ‘கரைக்கு வந்தப்புறம் அம்மணமா ஓடுன ஆளுங்கள நான் பாத்திருக்கேன். கப்பல் ஓடினத இப்பதான் கேள்விப்படறேன்’ என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். ‘அவரோட மாலுமிப் புத்தகம், கப்பல் பேரு தேதியெல்லாம் பதிஞ்சிருக்குமே, அதை நீ கண்ணால பாத்தியா?’

பார்க்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து நீங்கள் கப்பல் மாமா. எதற்குப் பார்க்க வேண்டும்?

மாமா, எங்கள் விதியைச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். ஒருவர் சேகரித்த சீட்டுகளில் ஒன்று பொய்யென்று தெரிந்தால், அவர் சேகரித்த அத்தனையையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். என்னுடையவை ஆயிரத்து நூற்று நாற்பது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் ஆவியில் பதினாறு நாள் நின்று வாங்கியவை இருக்கின்றன. லிஃப்ட் பழுது பார்ப்பவரோடு பதினான்கு மாடி ஏறி வாங்கியவை இருக்கின்றன. எல்லாம் போகும். அதோடு நானும் போவேன். ஒரே ஒரு விலக்குதான் உண்டு. சாட்சி சொன்னவரே, அச்சேறுவதற்கு முன், தான் சொன்னது தவறென்று தன் கையால் எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு சீட்டை மட்டும் எடுப்பார்கள்.

பக்கம் மார்ச் 26 மாலை நான்கு மணிக்கு அச்சுக்குப் போகிறது. உங்கள் மாலுமிப் புத்தகத்தை உடனே அனுப்புங்கள். தயவுசெய்து.

மருமகள்


மார்ச் 10

என் அருமை மருமகளுக்கு,

பதறாதே. இதற்கா நாற்காலி தேடி உட்கார்ந்து அழுதாய்?

அந்தப் பெரியவர் யாரென்று எனக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் தெரியும். கப்பலில் சமையல்கட்டை விட்டு வெளியே வராத ஆளாக இருப்பார். மேல்தளத்தில் என்ன பேசினார்கள் என்று அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? எஞ்சின் கப்பலில் பாய் ஏது என்கிறார். எஞ்சின் கெட்டுப்போனால் என்ன செய்வதாம்? கையால் துழாவுவதா?

மாலுமிப் புத்தகம் இருந்தது. கெட்டி அட்டை, பொன் எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. போன மழைக்காலத்தில் என் அறைச் சுவர் ஊறிக் கரையான் ஏறிவிட்டது. எத்தனையோ காகிதம் இருந்தும் அதை மட்டும் தேடித் தின்றிருக்கிறது. கரையானுக்கே என் சரித்திரம் ருசித்திருக்கிறது, உன் ஆசிரியர் அம்மாவுக்குக் கசக்கிறதாம்.

கவலைப்படாதே. ‘கடல் ராணி’யின் கேப்டனுக்கு எழுதிக் கேட்டேன். தெய்வாதீனமாக அவர் இந்த வாரம் இந்தப் பக்கம் வந்திருந்தார். என்னைப் பற்றி ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார். பல வருடம் நம் ஆட்களோடு பழகியவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. முத்திரையும் உண்டு. இத்துடன் வைத்திருக்கிறேன். ஆசிரியர் அம்மாவின் மேசையில் ‘படார்’ என்று வை. பென்சில் தானாகக் கைக்கு ஏறும்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 14

மாமா,

உறையைப் பிரிக்காமலே ஆசிரியர் அம்மாவின் அறை வாசல் வரை கொண்டுபோய்விட்டேன். உள்ளே ஆள் இருந்ததால் வெளியே நிற்கச் சொன்னார்கள். நிற்கிற நேரத்தில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஆள் இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கே என் வேலை போயிருக்கும்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கேப்டனின் காகிதத்தில் பின்பக்கத்து அச்சு தெரிகிறது. ‘அறை எண். வந்த நேரம். சாவி கொடுத்த நேரம்.’ முத்திரை சோடா மூடி. மூடியின் பல்லெல்லாம் வட்டமாகப் பதிந்திருக்கிறது. நடுவில் ஆணியால் நங்கூரம் கீறியிருக்கிறீர்கள், அது மீன் தூண்டில் போல இருக்கிறது. கேப்டன் கடிதத்தை எப்படித் தொடங்கியிருக்கிறார் என்று நீங்களே மறுபடி படித்துப் பார்த்தீர்களா? ‘ஆசீர்வாதத்துடன் எழுதுவது.’

மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சின்ன வயதில் உங்கள் பொய்களுக்காகவே வாசலில் காத்திருப்பேன். எது பொய் என்று எனக்கு எப்போதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புறா உட்காரும் மீசை பொய், கேப்டன் பொய், ஆனால் கப்பல் நிஜம் என்று நானே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோட்டை நம்பித்தான் சீட்டை உள்ளே கொடுத்தேன்.

இனி கதை வேண்டாம். சான்றிதழ் வேண்டாம். ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் எழுதுங்கள். நீங்கள் கப்பலில் வேலை செய்தீர்களா, இல்லையா?

பன்னிரண்டு நாள் இருக்கிறது.


மார்ச் 18

மருமகளுக்கு,

தாய்மாமனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். நீ விழுந்ததற்கு உன் அம்மாவிடம் அடிபட்டவனும் நான். சோடா மூடி என்கிறாய். பெரிய பெரிய ஆபீஸ்களிலேயே இப்போது முத்திரை அப்படித்தான் இருக்கிறது.

ஒரு வார்த்தையில் பதில் வேண்டுமாம். நான் என்ன கோர்ட் கூண்டிலா நிற்கிறேன்? எனக்கு உன் அகராதியும் வேண்டாம், அதில் என் பெயரும் வேண்டாம். அந்தச் சீட்டைக் கிழித்துப் போடு. இதற்கு மேல் எனக்கு எழுதவும் வேண்டாம்.

மாமா


மார்ச் 22

மருமகளுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதாதே என்று சொன்னவனே நான்தான். ஆனாலும் நாலு நாளாகத் தபால்காரர் வரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன்.

சீட்டைக் கிழித்துப் போடு என்றேனே, அதைக் கிழித்தால் மற்ற ஆயிரத்து நூற்று நாற்பதும் கிழியும் என்று எழுதிய பிறகுதான் உறைத்தது.

இல்லை. இதுதான் நீ கேட்ட ஒரு வார்த்தை. மற்றதையும் எழுதிவிடுகிறேன், பாதியில் நிறுத்தினால் மறுபடி கேப்டன் வந்து ஏறிக்கொள்வார்.

கப்பலில் சேர்வதற்குத்தான் கிளம்பினேன். அது நிஜம். தெருவே பஸ் நிலையம் வரை வழியனுப்ப வந்தது, அதுவும் நிஜம். துறைமுகத்தில் டாக்டர் கண்ணைச் சோதித்தார். இருட்டறையில் விளக்குகளைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பைப் பச்சை என்றும் பச்சையைச் சிவப்பென்றும் சொன்னேன். வேறு கேள்வியே இல்லை, வெளியே அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே திரும்பி வந்து அத்தனை பேர் முன்னால் பெட்டியோடு இறங்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்று நினைத்தேன். துறைமுகத்துக்குப் பின்னால் கால்வாய் ஓரம் ஒரு தோல் கம்பெனி. அங்கே ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம்தான் பதினொரு வருடம் ஆனது.

வீட்டுக் கடிதங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் முகவரிக்கு வரும். அங்கே ஒரு குமாஸ்தா எனக்குப் பழக்கம், எடுத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுக வாசலில் போய் நிற்பேன். புறப்படப் போகிற மாலுமிகளிடம் நான் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, போகிற ஊரில் தபாலில் போடச் சொல்வேன். உன் அம்மா சேர்த்து வைத்திருக்கிறாளே வெளிநாட்டுத் தபால் தலைகள், அவையெல்லாம் அப்படி வந்தவை. ஊர் மட்டும் நிஜம், நான் அங்கே இல்லை.

‘ஸ்கட்’ என்ற சொல் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசித்திருப்பாய். நீ எழுதிக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலில் அல்ல, தோல் கம்பெனியில் தினமும் கேட்ட சொல் அது. தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போட்டு முடியைக் கழித்துவிடுவார்கள். ஆனாலும் வேரோடு சில முடி, அழுக்கு, கறுப்பாக ஒரு கசடு தோலுக்குள்ளேயே நிற்கும். சரிவாக நிறுத்திய வளைந்த பலகையில் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள மொண்ணைக் கத்தியால் அழுத்தித் தள்ளி அந்தக் கசடை வெளியே கொண்டுவர வேண்டும். மேஸ்திரி அதைத்தான் ‘ஸ்கட் பண்ணு’ என்பார். கத்தி கூராக இருந்தால் தோலில் கீறல் விழும், அழுத்தம் குறைந்தால் கசடு போகாது. வயிற்றால் பலகையை முட்டுக் கொடுத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். நான் ஒரு நாளைக்கு அறுபது தோல் தள்ளுவேன். அறுபது இல்லை, நாற்பது. நல்ல நாளில் நாற்பத்திரண்டு. ஆனால் என் பலகையிலிருந்து போன தோல் திரும்பி வந்ததில்லை. இது சத்தியம், அந்த மேஸ்திரி இருந்தால் அவரே சொல்வார்.

என் நகத்தைத் தின்றது உப்பு இல்லை, சுண்ணாம்பு.

நீ கேட்ட திருத்தத்தைத் தனிக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை லாட்ஜ் காகிதம் இல்லை, கடையில் வாங்கியது. பெரிய தபால் நிலையத்துக்கே போய் அவசரத் தபாலில் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவள் எனக்கு அக்கா மட்டும் இல்லை. இந்த ஊரில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

மாமா

(இணைப்பு)

ஆசிரியர் அவர்களுக்கு. ‘அம்மண ஓட்டம்’ என்ற சொல்லை மாலுமிகள் பேசி நான் கேட்டதில்லை. நானே கட்டியது. நான் எந்தக் கப்பலிலும் வேலை செய்ததில்லை. என் மருமகளுக்கு இது தெரியாது, நான் சொன்னதை நம்பிச் சீட்டில் வாங்கினாள். குற்றம் என்னுடையது.


மார்ச் 27

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் 25ஆம் தேதி வந்தது. இணைப்பை ஒரு நாள் முழுக்க மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்தால் உங்களுக்கு என்ன போகும் என்று தெரியும். எடுக்காவிட்டால் எனக்கு என்ன போகும் என்றும் தெரியும். நேற்று இரண்டரை மணிக்கு எடுத்துக்கொண்டு போனேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது மாமா.

ஆசிரியர் அம்மா இரண்டு தடவை படித்தார்கள். பெரியவரும் இருந்தார். அவரிடம் நீட்டினார்கள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்துவிட்டு, ‘இவ்வளவு எழுத ஒரு மனசு வேணும்’ என்று மட்டும் சொன்னார். உங்களைப் பற்றிக் கேலியாக ஒரு வார்த்தை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

என் சீட்டுகள் தப்பின. கடல் ராணியின் சீட்டு மட்டும் போனது. ஆனால் நிரந்தரம் இப்போது இல்லை. இன்னும் ஒரு எழுத்து முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ‘சொந்தக்காரங்க சீட்டை மட்டும் ரெண்டு தடவை விசாரிக்கணும், அது உனக்குத் தெரியாமப் போச்சு’ என்றார்கள். நியாயம்தான். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன். வருத்தம் இருக்கிறது.

இன்னொன்று. ‘அப்ப அந்தப் பதினொரு வருஷம் அவர் எங்க இருந்தாராம்?’ என்று என்னிடம் கேட்டார்கள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன், தோல் கம்பெனி, ‘ஸ்கட் பண்ணு’, பலகை, மொண்ணைக் கத்தி, எல்லாம். அந்தப் பொருள் எங்கள் புத்தகங்களில் ஒரு வரியாக இருக்கிறது, ஆனால் சாட்சி இல்லை. இந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சுக்கு அனுப்பாமல் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள், ஏப்ரல் பத்து வரை. புதிய சீட்டு ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் உங்கள் பெயரும் தொழிலும் புத்தகத்தின் கடைசியில் சாட்சிகள் பட்டியலில் வரும். ‘தோல் தொழிலாளி, பதினொரு ஆண்டு’ என்று. அம்மா முதல் பக்கத்தைப் படிக்கிறார்களோ இல்லையோ, அந்தப் பட்டியலைத்தான் முதலில் தேடுவார்கள்.

நீங்கள் போட வேண்டியதில்லை. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லமாட்டேன். இந்த வேலைக்காக உங்களிடம் இனி எதையும் கேட்கவும் மாட்டேன். சீட்டு காலியாகத் திரும்பி வந்தாலும் நம் இருவருக்கும் நடுவில் ஒன்றும் குறையாது.

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 5

என் அருமை மருமகளுக்கு,

சீட்டை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் போனேன். ஸ்டூலில் ஏறி நின்று ஜன்னல் திரைக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் இறங்கட்டும் என்று காத்திருந்தால் எனக்கு இருக்கிற கொஞ்சத் தைரியமும் போய்விடும். அவள் முதுகைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். எப்படியெல்லாம் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஜோடித்துக்கொண்டு போனேன். ஒன்றும் வாயில் வரவில்லை. பச்சையாகத்தான் வந்தது.

அவள் திரும்பவில்லை. மாட்டிக்கொண்டிருந்த கொக்கியை மாட்டி முடித்தாள். கப்பலைப் பற்றிக் கேட்பாள், தபால் தலைகளைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அதையெல்லாம் கேட்கவே இல்லை.

‘அந்தத் தோல் கம்பெனி இங்கருந்து எவ்வளவு தூரம்?’ என்றாள்.

‘பஸ்ஸுல மூணு மணி நேரம்க்கா.’

‘பதினொரு வருஷமும் அங்கயேதான் இருந்தியா?’

‘ஆமா.’

இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். எனக்கு என்ன வரப்போகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

‘அப்பா போன அன்னைக்கு தந்தி அடிச்சோமே. எப்ப கெடச்சுது உனக்கு?’

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். குமாஸ்தா லீவு, தந்தி மறுநாள்தான் கைக்கு வந்தது என்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் எத்தனையோ சொன்னவன், இந்த ஒன்று எனக்குப் பெரிதா?

‘அன்னைக்கே. காலைல பதினோரு மணிக்கு.’

அவள் மனதுக்குள் நேரத்தைக் கூட்டியது எனக்கு முகத்திலேயே தெரிந்தது.

‘அஞ்சு மணி வரைக்கும் வச்சிருந்தோம்டா’ என்றாள்.

‘கப்பல்ல இருக்கறவன் மூணு மணி நேரத்துல எப்படிக்கா வந்து நிப்பான்?’

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. பஸ் நிலையம் வரை அன்று போனேன், மருமகளே. டிக்கெட் ஜன்னல் முன்னால் நின்றேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். அதையும் அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ.

உன் அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், எதிர்த்து ஏதாவது உளறியிருப்பேன். பிறகு கையை நீட்டினாள். சீட்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

‘தூரம் எழுத இதுல எடம் இல்லியே’ என்றாள்.

‘அதெல்லாம் கேக்கமாட்டாங்கக்கா.’

‘எழுது.’

அவள் முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். சொல், பொருள், தொழில், வருடங்கள் எல்லாம் கட்டத்துக்குள் இருக்கின்றன. இடது ஓரத்தில், குறுக்காக, சின்ன எழுத்தில் ‘வீட்டிலிருந்து மூன்று மணி நேரம்’ என்று இருக்கும். அது உங்கள் அகராதிக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். அச்சில் எடுத்துவிடச் சொல். சீட்டில் மட்டும் யாரும் அடிக்க வேண்டாம்.

மாமா